உபகாரமா? சம்பளமா?

(சூழலியல் ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் மாணவர்களின் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



காடு, மலை, ஏரி, கடல், மண், மழை ஆகியவைகளைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற விரும்பும் வாலிபர்களுக்கு என்னென்ன பண உதவி கிடைக்கும் என்பதைப் பற்றி இன்று நாம் பேச வேண்டுமென்று கேட்டுக் கொள்ளப்பட்டிருக்கிறது. பட்டம் பெற்றவர்கள் பேச வேண்டிய சங்கதியைப் பட்டமில்லாத நாம் ஏன் பேச வந்தோம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இதில் பட்டத்தைவிடப் பெரிய சங்கதி ஒன்று அடங்கியிருக்கிறது என்பதுதான் நமது சமாதானம். பொதுஜனங்களின் பணம் யாருக்குப் போகிறது, எதற்காகப் போகிறது, வாங்குகிறவன் அதை என்னவென்று நினைத்து வாங்குகிறான் என்பதே அந்தச் சங்கதி. ஆகையால் நாம் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொண்டு மற்றதைத் தள்ளிவிடும்படி முதலிலேயே கேட்டுக் கொள்ளுகிறோம்.

சூழலியல் என்பது என்ன? 1866-ம் வருஷத்தில் எர்னஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி எக்காலஜி என்ற பெயரை உண்டாக்கினார். கிரேக்க பாஷையில் வீடு என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து அது வந்தது. செடி, கொடி, மிருகம், மனிதன் ஆகிய ஜீவராசிகள் எல்லாம் ஒன்றையொன்று சார்ந்து எப்படிப் பிழைக்கின்றன என்று பார்க்கும் சாஸ்திரம் அது. அந்த வீட்டிலுள்ள தண்ணீர், மரம், மீன், மேய்ச்சல் நிலம் ஆகியவைகளை யார் எவ்வளவு எடுக்கலாம், எப்படி எடுத்தால் அழியாமலிருக்கும் என்று பார்ப்பது இயற்கை வள நிர்வாகம்.

பெயர் புதிதாக இருக்கலாம். சங்கதி நமக்குப் புதிதல்ல. ஏரி ஏன் தூர்ந்தது? கிணறு ஏன் வற்றியது? கடலோரத்துக் கிணறு ஏன் உப்புக் கரிக்கிறது? போன தலைமுறையில் வலைக்கு வந்த மீன் இந்தத் தலைமுறையில் ஏன் வரவில்லை? யானை ஏன் ராகிக் கொல்லைக்கு வருகிறது? இவைகளெல்லாம் குடியானவனும் மீன் பிடிக்கிறவனும் மலைவாசியும் தினந்தோறும் கேட்கிற கேள்விகள்தான்.

இந்தக் கேள்விகளுக்கு நம் நாட்டில் பதில் சொல்லி வந்தவர்கள் யார்? பஞ்சாங்கம் பார்க்கிறவர் ஒரு பதில் சொன்னார். காலம் கெட்டுப் போச்சு என்று ஊர்க் கிழவர் ஒரு பதில் சொன்னார். எல்லாம் தலையெழுத்து என்று நஷ்டப்பட்டவனே ஒரு பதில் சொல்லிக் கொண்டான். தோழர்களே! இந்தப் பதில்களில் எதனாலாவது எந்தக் கிணற்றிலாவது ஒரு சொட்டுத் தண்ணீர் ஊறிற்றா என்று கேட்கிறோம்.

யானை சங்கதியையே எடுத்துக் கொள்ளுங்கள். யானையைத் தெய்வமென்று கும்பிடுகிறவனும் நம்மவன்தான். அதே யானை இராத்திரி கொல்லைக்கு வந்தால் வெடி போட்டு விரட்டுகிறவனும் நம்மவன்தான். கும்பிட்டதனாலும் அது வராமலிருக்கவில்லை. விரட்டியதனாலும் அது திரும்பி வராமலிருக்கவில்லை. 1980-களின் ஆரம்பத்தில், சென்னையில் பிறந்த இராமன் சுகுமார் என்ற வாலிபர், சத்தியமங்கலம், சாமராஜநகர் பக்கத்துக் காடுகளில் யானைகளின் பின்னால் அலைந்தார். எந்த யானை, எந்தப் பயிருக்கு, எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அது தின்கிற பயிரையும் காட்டுப் புல்லையும் எடுத்துச் சோதித்தார். குட்டிகளோடு போகும் பெண் யானைக் கூட்டத்தைவிட வளர்ந்த ஆண் யானைகளே அதிகத் தடவை பயிரில் இறங்குகின்றன என்றும், ராகி, நெல் போன்ற பயிர்களில் காட்டுப் புல்லில் இருப்பதைவிடப் புரதமும் உப்புச் சத்துக்களும் அதிகம் என்றும் கண்டார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் 1985-ல் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது.

இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். வருகிறது எந்த யானை, எதற்காக வருகிறது என்று தெரிந்தால்தான் எதை மறிப்பது, எங்கே மறிப்பது, எந்தப் பயிரைக் காட்டோரத்தில் வைக்காமலிருப்பது என்று யோசிக்கவாவது வழியுண்டு. தெரியாதவனுக்குக் கும்பிடுவதும் வெடி போடுவதும் தவிர வேறு வழியில்லை.

ஆனால் தோழர்களே! யானை கல்லூரி மணியடித்தால் வருகிறதல்ல. மழையும் பரீட்சை அட்டவணையைப் பார்த்துப் பெய்கிறதல்ல. ஒரு காட்டை அறிய நாலைந்து வருஷம் அங்கே கிடக்க வேண்டும். அந்த நாலைந்து வருஷமும் அந்த வாலிபன் சாப்பிட வேண்டாமா? அவன் தாய் தகப்பன் சாப்பிட வேண்டாமா? சொத்துள்ளவன் வீட்டுப் பிள்ளை தகப்பன் பணத்தில் காட்டுக்குப் போகலாம். கூலிக்காரன் மகனும் மீனவன் மகளும் எதைக் கொண்டு போவது? பண உதவி என்ற பேச்சு இங்கேதான் வருகிறது. பணம் கொடுக்காவிட்டால் ஆராய்ச்சி நின்றுவிடாது. பணமுள்ளவர்கள் கையிலேயே அது நின்றுவிடும். அதன் பிறகு எந்த ஏரியைப் பற்றி ஆராய்வது, யாருடைய கஷ்டத்தைக் கஷ்டமென்று எழுதுவது என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள்.

நம் பாஷையில் ஸ்காலர்ஷிப் என்பதற்கு நெடுநாளாக வழங்கி வரும் பெயர் உபகாரச் சம்பளம் என்பதாகும். இந்தப் பெயரைச் சற்று கவனியுங்கள். உபகாரம் என்றால் கொடுக்கிறவன் தயவு. சம்பளம் என்றால் வேலை செய்தவன் பாத்தியதை. உபகாரமானால் அது சம்பளமல்ல. சம்பளமானால் அது உபகாரமல்ல. இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரு பெயர் வைத்து, வாங்குகிறவன் தான் பாத்தியஸ்தனா அல்லது யாசகனா என்று கடைசி வரைக்கும் தெரிந்து கொள்ளாதபடி செய்து விட்டோம். நிலத்தை அளக்கிறவருக்குக் கொடுப்பது சம்பளம். அளந்ததற்குக் கணக்கு எழுதுகிறவருக்குக் கொடுப்பது சம்பளம். அந்த நிலத்திலுள்ள மண் ஏன் உவர்ப்பாயிற்று என்று ஐந்து வருஷம் வெயிலில் நின்று கண்டுபிடிக்கிறவனுக்குக் கொடுப்பது மாத்திரம் உபகாரமா?

உபகாரத்தினால் நன்மையே விளைந்ததில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. தலைச்சேரியில் 1897-ல் பிறந்து சென்னையில் படித்த ஜானகி அம்மாள் என்ற அம்மையார், அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் ஆசியப் பெண்களுக்கென்றே ஏற்படுத்தப்பட்ட பார்பர் உபகாரச் சம்பளத்தைப் பெற்றுப் படித்து, 1931-ல் தாவர சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் இனக்கலப்பைப் பற்றி வேலை செய்தார். பயிர்ச் செடிகளின் குரோமோசோம்களைப் பற்றி டார்லிங்டன் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய பெரிய நூல் 1945-ல் வெளிவந்தது. வயதான காலத்திலும் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணையில் மூழ்கடிக்கக் கூடாதென்று வாதாடினார். பெண்ணுக்குக் கலியாணந்தான் கதி என்றிருந்த காலத்தில் ஒரு பண உதவி ஒரு பெண்ணை இவ்வளவு தூரம் கொண்டு போயிற்று.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு பணக்காரருக்கு ஆசியப் பெண்களைப் படிக்க வைக்க வேண்டுமென்ற எண்ணம் தோன்றியதனால் இது நடந்தது. தோன்றாவிட்டால்? ஒருவருடைய நல்ல எண்ணத்தைப் பொறுத்து நிற்கிற காரியம், அந்த எண்ணம் மாறினால் விழுந்துவிடும். சர்க்கார் கொடுப்பதும் உபகாரமாகவே கருதப்படும் வரையில் அதற்கும் இதே கதிதான். சிறுபான்மை மதத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர்களுக்கு மத்திய சர்க்கார் கொடுத்து வந்த மௌலானா ஆசாத் பெயரிலுள்ள உதவித் தொகை 2022-ல் நிறுத்தப்பட்டு விட்டது. உத்தியோகஸ்தர்களின் சம்பளத்தை அப்படி ஒரு அறிவிப்பில் நிறுத்திவிட முடியுமா?

இன்னொரு அம்மையாரின் சங்கதியையும் கேளுங்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர் எலினார் ஆஸ்ட்ரம். பெண் காலேஜுக்குப் போய் என்ன ஆகப் போகிறது என்பது அவர் தாயாரின் எண்ணம். வேலை செய்துகொண்டே பி.ஏ. படித்தார். பொருளாதாரத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்க விரும்பியபோது போதிய கணிதம் படிக்கவில்லையென்று இடம் மறுக்கப்பட்டது. பெண்ணுக்கு அந்தக் கணக்கு எதற்கு என்று பள்ளிக்கூடத்திலேயே தடுத்தவர்களும் அவர்கள்தான். பிறகு கணக்குத் தெரியவில்லை என்று தள்ளினவர்களும் அவர்கள்தான்! அரசியல் சாஸ்திரப் பகுதியில் நாற்பது பேரில் நான்கு பெண்களுக்கு இடமும் பண உதவியும் கிடைத்தன. பெண்களுக்குப் பணம் கொடுப்பதா என்று ஆசிரியர்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. அந்த நால்வரில் ஒருவராக உள்ளே போன ஆஸ்ட்ரம் ஆராய்ந்த விஷயம் என்ன தெரியுமா? நிலத்தடித் தண்ணீர். லாஸ் ஏஞ்சல்ஸ் கடலோரத்தில் ஆளுக்கு ஆள் தண்ணீரை இறைத்ததனால் பூமிக்கடியில் கடல்நீர் புகுந்தது. இறைத்தவர்கள் கோர்ட்டுக்குப் போய், பேசி, ஒப்பந்தம் செய்து, தங்களுக்குள் ஒரு கட்டுப்பாட்டை எப்படி ஏற்படுத்திக் கொண்டார்கள் என்று அவர் எழுதி 1965-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பொதுச் சொத்தென்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்தே விடுவார்கள். ஆகையால் அதைத் தனியாருக்கு விற்றுவிட வேண்டும், அல்லது சர்க்கார் பறித்துக் கொள்ள வேண்டும் என்று பெரிய பெரிய பண்டிதர்கள் சொல்லி வந்தார்கள். அனுபவிக்கிற ஜனங்களே விதி செய்து, தாங்களே காவல் காத்துப் பாதுகாக்கவும் முடியும் என்று பல தேசத்து உதாரணங்களைக் கொண்டு காட்டியவர் இந்த அம்மையார். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அன்று அந்த விவாதத்தில் வேண்டாமென்றவர்கள் பக்கம் ஜெயித்திருந்தால் நஷ்டம் அவருக்கு மாத்திரமா? சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்திலும் இதே மாதிரி கடல்நீர் உள்ளே புகுந்திருக்கிறது. அங்குள்ள குடியானவனுக்கும் நஷ்டந்தான்.

நிற்க. இப்போது நம் நாட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

மத்திய சர்க்காரின் நெட் பரீட்சையில் ஜே.ஆர்.எஃப். தகுதியோடு தேறுகிறவர்களுக்கு முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் 2023-ம் வருஷ ஜனவரி முதல் வகுக்கப்பட்டிருக்கிறது. வீட்டு வாடகைப் படி தனி. இது மொத்தம் ஐந்து வருஷத்துக்குத்தான். சூழல் விஞ்ஞானம் யு.ஜி.சி. நெட் பரீட்சையில் ஒரு பாடம். உயிரியல் வழியாகப் போகிறவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் பரீட்சை இருக்கிறது. கேட் பரீட்சையிலும் சூழலியலும் பரிணாமமும் என்று ஒரு தனித் தாள் இருக்கிறது. தாழ்த்தப்பட்டவர்களுக்கும், பழங்குடியினருக்கும், பிற்படுத்தப்பட்டவர்களுக்கும் தேசிய உதவித் தொகைகள் தனித்தனியே உண்டு. தாழ்த்தப்பட்ட வகுப்பு முதலியவற்றைச் சேர்ந்தவர்கள் வெளிநாட்டில் படிப்பதற்கென்றும் ஒரு திட்டம் இருக்கிறது. வயது வரம்பு உண்டு; பெண்களுக்கும் இந்த வகுப்பார்களுக்கும் அதில் தளர்வும் உண்டு. ஆராய்ச்சிக் காலத்தில் பெண்கள் பிரசவத்துக்காகவும் குழந்தை வளர்ப்புக்காகவும் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம் என்று யு.ஜி.சி. விதியே இருக்கிறது. கலியாணமானால் படிப்பு முடிந்தது என்று சொல்லுகிற தாய் தகப்பன்மாருக்கு இந்த விதியைப் படித்துக் காட்டுங்கள்.

இடங்களும் பல இருக்கின்றன. டேராடூனில் 1982-ல் ஏற்பட்ட இந்திய வனவிலங்கு நிறுவனம், அதோடு இப்போது இணைக்கப்பட்டிருக்கிற, கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990-ல் ஏற்பட்ட சாலிம் அலி பறவையியல் மையம், பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் 1983-ல் தொடங்கிய சூழலியல் மையம், அதே ஊரில் 1996-ல் ஏற்பட்ட ஏட்ரீ நிறுவனம், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் நிலையம், மன்னம்பந்தல் கல்லூரியின் வனவிலங்குப் பகுதி, புதுச்சேரிப் பல்கலைக்கழகம். இவைகளில் பலவற்றுக்கு நம்மூரிலிருந்து ஒரு இராத்திரி பஸ்ஸில் போய்ச் சேர்ந்து விடலாம். ஆனால் நம் கிராமத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்? இருக்கிற இடத்தைப் பிறர் அறியாமல் வைத்துக் கொள்வதும் கதவைச் சாத்துவதும் பலனில் ஒன்றுதான்.

இதைச் சொன்னவுடன் எல்லாம் சரியாக இருக்கிறதென்று நினைத்து விடாதீர்கள். ஒரே ஆராய்ச்சி சாலையில், ஒரே மேஜையில், ஒரே வேலையைச் செய்கிற இருவரில் நெட் பரீட்சையில் தேறினவருக்கு 37,000 ரூபாய். தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்குப் பல வருஷ காலம் 8,000 ரூபாய்தான். ஒருவன் வயிறு நாலு மடங்கு பெரிதா? டாக்டர் பட்டத்துக்கு விதி ஆறு வருஷம் வரை இடம் கொடுக்கிறது. பணமோ ஐந்து வருஷத்தில் நின்று போகிறது. ஆறாவது வருஷம் ஆகாயத்தைச் சாப்பிடுவதா? மாதாமாதம் வரவேண்டிய பணம் பல மாதம் கழித்து மொத்தமாக வருகிறது என்ற முறையீடு ஆராய்ச்சி மாணவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. மாதம் பிறந்தால் சம்பளம் என்று நியாயமாக எதிர்பார்க்கிற எந்த உத்தியோகஸ்தராவது இதைப் பொறுப்பாரா? மாணவன் மாத்திரம் ஏன் பொறுக்கிறான்? உபகாரமாகத்தானே வருகிறது, வந்தபோது வரட்டும் என்று அவனையே எண்ணும்படி செய்திருக்கிறோம். அந்தப் பெயரின் விஷம் இதுதான்.

மற்ற தேசங்களில் எப்படி என்று பார்ப்போம். சுவீடன், நார்வே, டென்மார்க், நெதர்லாந்து ஆகிய தேசங்களில் டாக்டர் பட்ட ஆராய்ச்சி செய்கிறவர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் உத்தியோகஸ்தர். அவருக்கு மாதச் சம்பளம் உண்டு. அவர் வரி கட்டுகிறார். விடுமுறையும் நோய்க்கால உதவியும் அவருக்குப் பாத்தியதை. நார்வேயில் அவரை ஸ்டிபெண்டியட் என்று உதவித் தொகையின் பெயரால் அழைத்தாலும் உள்ளே இருப்பது சம்பளந்தான். ஜெர்மனியிலும் பல ஆராய்ச்சி மாணவர்கள் சர்க்கார் ஊதிய விகிதத்தில் ஒரு பாகத்தை வாங்குகிற வேலைக்காரர்களே. சுவீடனில் உப்சாலாவைத் தலைமையாகக் கொண்ட விவசாயப் பல்கலைக்கழகம், நெதர்லாந்தில் வாகனிங்கன், நார்வேயில் ஓஸ் என்ற ஊரிலுள்ள உயிரியல் பல்கலைக்கழகம் ஆகியவைகள் காடு, மண், தண்ணீர், மீன் வளம் பற்றிய ஆராய்ச்சிக்குப் பேர் போனவை. இன்ன காட்டைப் பற்றி, இத்தனை வருஷத்துக்கு, இன்ன சம்பளத்தில் ஒரு ஆள் தேவை என்று அவர்கள் பகிரங்கமாக விளம்பரம் செய்கிறார்கள். எந்தத் தேசத்தாரும் மனுச் செய்யலாம். அங்கே ஆராய்ச்சி மாணவர் யாரும் கடவுளாகி விடவில்லை. வேலை செய்கிறவனுக்குக் கூலி என்ற சாதாரண நியாயத்தை ஒப்புக் கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே பேராசிரியருக்கு உதவியாக ஆராய்ச்சி செய்தோ, கீழ் வகுப்புக்குப் பாடம் சொல்லியோ சம்பளம் வாங்க வேண்டும். படிப்புக் கட்டணம் பெரும்பாலும் தள்ளுபடியாகும். சூழலியலில் பல இடங்களில் மனுவுக்கு முன்பே பேராசிரியருக்கு எழுதி, அவரிடம் இடமும் பணமும் இருக்கிறதா என்று கேட்டுக் கொள்வது வழக்கம். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. பணம் இருக்கிறதா என்று கேட்பது பிச்சை கேட்பதாகாது. வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்பதற்கும் பிச்சை கேட்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

ஆகவே, எந்த இடத்துக்கு மனுச் செய்தாலும் சில கேள்விகளுக்குப் பதில் தெரிந்து கொள்ளாமல் சேராதீர்கள். பணம் எத்தனை வருஷத்துக்கு? கொடுப்பது யார்? திட்டத்தின் காலம் மூன்று வருஷத்தில் முடிந்தால் நாலாவது வருஷம் யார் கொடுப்பார்கள்? கட்டணம் உண்டா? காட்டுக்குப் போக வண்டி, கருவி, உதவிக்கு வருகிற மலைவாசியின் கூலி ஆகியவை யார் பொறுப்பு? சரணாலயத்துக்குள் ஆராய்ச்சி செய்ய 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி வனத்துறையின் அனுமதி வேண்டும். அது வாங்கியாகி விட்டதா, அல்லது நீங்கள் சேர்ந்த பிறகு அதற்காக மாதக்கணக்கில் அலைய வேண்டுமா? முன்பு இதே பேராசிரியரிடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? எத்தனை பேர் பாதியில் போனார்கள்? அவர்கள் எழுதியதில் அவர்கள் பெயர் முதலில் இருக்கிறதா? கடைசியாக, இடம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு என்று எவனாவது சொன்னால், அது ஆராய்ச்சியல்ல, மோசடி என்று தெரிந்து கொள்ளுங்கள்.

இதைக் கேட்டால் நம்மவர்களில் சிலர், குருவைச் சோதிக்கலாமா என்பார்கள். தோழர்களே! இந்தக் குரு பக்தி என்பது ஆராய்ச்சிக்குப் பெரிய சத்துரு. வழிகாட்டியின் வீட்டுக்குக் காய்கறி வாங்கிப் போவதும், அவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், அவர் சொன்னது தப்பென்று தெரிந்தும் வாயை மூடிக் கொண்டிருப்பதும் மரியாதையென்று பல இடங்களில் நினைக்கப்படுகிறது. இது மரியாதையல்ல, அடிமைத்தனம். உபகாரம் என்று பணத்தை வாங்கினவன்தான் இந்த அடிமைத்தனத்துக்கு உடன்படுவான். உழைப்புக்குக் கூலி வாங்குகிறேன் என்று தெரிந்தவன் உடன்படமாட்டான். வழிகாட்டிக்கு மரியாதை கொடுங்கள். அதோடு அவரிடம் அத்தாட்சியும் கேளுங்கள்.

ஆராய்ச்சியில் அத்தாட்சிக்கு எவ்வளவு இடம் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது நம் கடற்கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். பரங்கிப்பேட்டை ஆராய்ச்சியாளர்கள் 18 மீனவக் குப்பங்களைப் பார்த்து, அலையாத்திக் காட்டின் மறைவிலிருந்த குப்பங்களில் சேதம் குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். மறு வருஷமே வேறு சிலர் அதே புள்ளிகளை எடுத்துக் கணக்குப் போட்டு, கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பவைகளே பெரும்பாலும் காரணம். காட்டுக்கு இவ்வளவு பெருமை கொடுக்க முடியாதென்று மறுத்தார்கள். இதில் யாரும் யாரையும் ஜாதிப்பிரஷ்டம் செய்யவில்லை. எங்கள் ஊர் ஆராய்ச்சி, ஆகையால் அதை ஒப்புக் கொள்ளுங்கள் என்றும் சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் மறுத்தான், ஆகையால் அது தப்பு என்றும் சொல்ல முடியாது. இன்னும் அளக்க வேண்டும், இன்னும் பார்க்க வேண்டும் என்பதே பதில். குப்பத்தைக் காட்டின் பின்னால் வைப்பதா, மேட்டில் வைப்பதா என்பது அந்த அளவைப் பொறுத்தது. அளவு தப்பினால் போவது உயிர். அந்தக் குப்பத்தில் பிறந்த பெண்ணோ பிள்ளையோ அந்த அளவுகோலைப் பிடிக்கட்டும் என்றுதான் நாம் சொல்லுகிறோம்.

அப்படியானால் அந்த ஊரில் பிறந்தவனுக்குத்தான் உண்மை தெரியும் என்று அர்த்தமா? இல்லை. அவனும் அளக்கத்தான் வேண்டும். அவன் பாட்டன் சொன்னதையும் அளந்து பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எதை அளக்க வேண்டுமென்ற கேள்வி, கஷ்டப்பட்டவனுக்கு முதலில் தோன்றும். கிணற்றில் உப்புத் தண்ணீரைக் குடித்தவனுக்கு அந்த உப்பு வெறும் புள்ளி விவரமல்ல.

தாய் தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. பையன் காட்டில் பூச்சியை எண்ணிக் கொண்டிருக்கிறான், எப்போது உத்தியோகத்துக்குப் போவான் என்று கேட்கிறீர்கள். உங்கள் கவலையில் நியாயமில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். பட்டம் வாங்கின எல்லோருக்கும் வேலை தயாராகக் காத்திருக்கிறதென்று சொன்னால் அது பொய். ஆனால் நியாயமான பணத்தோடு கிடைக்கிற ஆராய்ச்சி இடம் என்பது சும்மா படிப்பல்ல, அதுவே ஒரு வேலை. பணமில்லாத இடத்தில், பட்டத்தின் மேலுள்ள ஆசைக்காக நிலத்தை அடகு வைத்துச் சேர்ப்பதானால் நாமும் வேண்டாமென்றே சொல்லுவோம். பணத்தோடு வந்த இடத்தை, பெண்ணை வெளியூர் அனுப்பலாமா என்ற ஒரே காரணத்துக்காக விட்டுவிடுவதானால் அது அதைவிடப் பெரிய நஷ்டம்.

முடிவாக, சர்க்காரை நாம் கேட்பது அதிகமல்ல. பணத்தை மாதாமாதம் கொடுங்கள். பட்டத்துக்கு எத்தனை வருஷம் என்று விதி செய்கிறீர்களோ அத்தனை வருஷத்துக்கும் கொடுங்கள். ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் கொடுங்கள். அறிவிப்பைத் தமிழிலும் எழுதி, பட்டணத்துக் கல்லூரியோடு நிறுத்தாமல் தாலுக்காக் கல்லூரி வரை ஒட்டுங்கள். இவ்வளவுதான்.

மாணவர்களை நாம் கேட்பது இதைவிட அதிகம். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறதென்று மறந்துவிடாதீர்கள். தீப்பெட்டி வாங்குகிற கிழவி கட்டுகிற வரியும் அதில் இருக்கிறது. ஆகையால் நீங்கள் கண்டுபிடித்ததை இங்கிலீஷில் எழுதிப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். எந்த ஊர் ஏரியை அளந்தீர்களோ அந்த ஊருக்குத் திரும்பிப் போய், மரத்தடியில் ஜனங்களைக் கூட்டி, கண்டது இது, தெரியாதது இது என்று அவர்கள் பாஷையில் சொல்லுங்கள். அவர்கள் குறுக்குக் கேள்வி கேட்டால் கோபித்துக் கொள்ளாதீர்கள். பட்டம் கொடுக்கிற சபையில் கேட்கப்படுகிற கேள்வியைவிட அது கடினமாக இருக்கும். அதற்கும் பதில் சொல்ல முடிந்தால்தான் நீங்கள் வாங்கினது உண்மையில் சம்பளமாகும். சொல்ல முடியாவிட்டால், எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் அது உபகாரந்தான்.